பி.எம்.ஐ.யா, உடல் கொழுப்பு விகிதமா? பெண்கள் எதை எப்போது நம்பலாம்

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண்) 22.7. முதல் பெண்ணின் உடலில் கொழுப்பு 24 சதவீதம், அதாவது ஏறக்குறைய 14 கிலோ. இரண்டாவது பெண்ணுக்கு 35 சதவீதம், 20 கிலோவுக்குச் சற்று மேல். பி.எம்.ஐ. அட்டவணையில் இருவரும் ஒரே கட்டத்தில், 'இயல்பான எடை' என்ற தலைப்பின் கீழ் இருப்பார்கள்.

'பி.எம்.ஐ. பழசு, கொழுப்பு விகிதத்தைப் பாருங்கள்' என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணம் இதுதான். உதாரணம் சரி. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு பாதிதான் சரி. அந்த 35 என்ற எண் எந்தக் கருவியில் வந்தது, அது ஏன் 35 ஆனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் அதை வைத்துச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினால், இரண்டாவது பெண்ணின் நிலை இன்னும் மோசமாகலாம். காரணம் கீழே வருகிறது.

பி.எம்.ஐ. எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 58-ஐ 1.60-ஆல் வகுத்தால் 36.25, அதை மறுபடி 1.60-ஆல் வகுத்தால் 22.66. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்டலே 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரியை ஆராய உருவாக்கிய விகிதம் இது. 1972-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸின் குழுவினர்தான் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார்கள். தனி ஒருவரின் உடலை அளக்க என்று பிறந்த கருவி அல்ல.

18.5-க்குக் கீழ் எடைக் குறைவு, 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். உலக சுகாதார நிறுவனத்தின் இந்த எல்லைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும், 20 வயதுக்கும் 70 வயதுக்கும் ஒன்றேதான். ஆசிய மக்களுக்கு இதே பி.எம்.ஐ.யில் கொழுப்பும் சர்க்கரை நோய் ஆபத்தும் கூடுதலாக இருப்பதால், அவர்களுக்கு 23, 27.5 ஆகிய இரண்டு புள்ளிகளையும் கவனிக்கச் சொல்லி 2004-இல் அந்நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது.

இதன் பெரிய பலம், தவறாக அளப்பது கடினம் என்பது. பெரும்பாலான தராசுகளில் எடை ஏறக்குறையச் சரியாகவே வந்துவிடும். அதிகம் தவறுவது உயரத்தில்தான். பலர் கல்லூரிக் காலத்தில் அளந்த உயரத்தையே ஐம்பது வயதிலும் சொல்கிறார்கள். வயதாக ஆக முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்து உயரம் குறையும். மேலே சொன்ன பெண்ணின் உயரம் 158 செ.மீ. ஆகக் குறைந்திருந்தால் பி.எம்.ஐ. 23.2 ஆகிவிடும், 23 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. குதிகால், புட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நின்று, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் குறித்து அளப்பது போதுமானது.

பலவீனம் எது? அது பிடிக்கத் தவறுபவர்களின் எண்ணிக்கை. அமெரிக்கத் தேசிய உடல்நல ஆய்வின் தரவுகளை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் இருப்பதைப் பெண்களுக்கு உடல் பருமன் என்று வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்த பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கொழுப்பு உண்மையிலேயே அதிகம். ஆனால் கொழுப்பு அதிகமாக இருந்த பெண்களில் பாதிப் பேரைத்தான் பி.எம்.ஐ. கண்டுபிடித்தது. பெண்களைப் பொறுத்தவரை பி.எம்.ஐ. 'அதிகம்' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இயல்பு' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 'எனக்கு எலும்பு கனம்' என்று 33 பி.எம்.ஐ.க்குச் சமாதானம் சொல்வது தீவிரமாக எடை தூக்கிப் பயிற்சி செய்யும் மிகச் சிலருக்கு மட்டுமே பொருந்தும்.

கொழுப்பு விகிதம்: அட்டவணைகளே ஒத்துப்போவதில்லை

பெண்ணின் உடல் ஆணின் உடலைவிடக் கொழுப்பைக் கூடுதலாக வைத்திருப்பது இயற்கை. ஹார்மோன்கள் இயங்கவும் கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்கும் அது தேவை. உயிர் வாழவே வேண்டிய அடிப்படைக் கொழுப்பு ஆண்களுக்கு 2 முதல் 5 சதவீதம் என்றால், பெண்களுக்கு 10 முதல் 13 என்று அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சிலின் அட்டவணை சொல்கிறது. அதே அட்டவணைப்படி 14–20 விளையாட்டு வீராங்கனைகளுக்கு, 21–24 நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு, 25–31 சராசரி, 32-க்கு மேல் உடல் பருமன். ஜிம்களில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான்.

கொழுப்பு விகிதமும் காட்டும் வீட்டுத் தராசுகளின் கையேட்டில் வேறோர் அட்டவணை இருக்கும். கல்லாகர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வைத் தழுவிய அந்த அட்டவணை வயதைக் கணக்கில் எடுக்கிறது. 20–39 வயதில் 21 முதல் 33 வரை, 40–59-இல் 23 முதல் 34 வரை, 60–79-இல் 24 முதல் 36 வரை இயல்பு. அப்படியானால் 30 வயதுப் பெண்ணுக்கு 32.5 சதவீதம் என்று வந்தால் என்ன அர்த்தம்? ஜிம் சுவரில் உடல் பருமன், தராசின் திரையில் இயல்பு.

இரண்டுமே பொய் அல்ல. முதலாவது உடற்பயிற்சி செய்பவர்களை மனத்தில் வைத்த வழிகாட்டி. இரண்டாவது, பி.எம்.ஐ. 18.5, 25, 30 ஆகிய எல்லைகளில் இருப்பவர்களுக்குக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வகுத்தது. ஆம், இந்த அட்டவணையின் எல்லைகளே பி.எம்.ஐ.யிலிருந்து வந்தவை. பி.எம்.ஐ.க்கு இருப்பதுபோல எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே எல்லை கொழுப்பு விகிதத்துக்கு இல்லை. எந்த அட்டவணையைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

எண் எங்கிருந்து வருகிறது

உயரம், எடை, வயது மூன்றை மட்டும் கேட்டுவிட்டுக் கொழுப்பு விகிதம் சொல்லும் ஆன்லைன் கணிப்பான்களை முதலில் ஒதுக்கிவிடலாம். அவற்றில் பல பயன்படுத்துவது 1991-இல் வெளியான டியூரன்பெர்க் சமன்பாட்டை. பெண்களுக்கு அது: பி.எம்.ஐ.யை 1.2-ஆல் பெருக்கி, வயதை 0.23-ஆல் பெருக்கிக் கூட்டி, 5.4-ஐக் கழிக்க வேண்டும். 22.7 பி.எம்.ஐ. உள்ள 30 வயதுப் பெண்ணுக்கு 28.7 வரும். வயதை 50 என்று மாற்றினால் 33.3. உடலைத் தொடாமலேயே 4.6 சதவீதம் ஏறிவிட்டது. இது கொழுப்பை அளப்பதல்ல, பி.எம்.ஐ.க்கு வேறு சட்டை போட்டுவிடுவது.

கொழுப்பு விகிதம் காட்டும் மின்சாரத் தராசு இதைவிட ஒரு படி மேல், ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அல்ல. வெறுங்காலுடன் ஏறி நின்றதும், உணர முடியாத அளவுள்ள மின்னோட்டம் ஒரு பாதத்தில் நுழைந்து மற்றொரு பாதத்தில் வெளியேறும். தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். தராசு அளப்பது இந்த மின்தடையை மட்டுமே. அதிலிருந்து உடலின் மொத்த நீரையும், நீரிலிருந்து கொழுப்பற்ற எடையையும் ஊகிக்கிறது. மொத்த எடையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு. இந்த ஊகத்தின் சமன்பாட்டில் நீங்கள் செயலியில் பதிந்த உயரமும் வயதும் பாலினமும் எடையும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால், இன்று ஒருமுறை அளந்துவிட்டு, செயலியில் பிறந்த ஆண்டை இருபது வருடம் முன்னே தள்ளி உடனே மறுபடி ஏறிப் பாருங்கள். எண் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் உங்கள் உடல் சொன்னதல்ல, சமன்பாடு சொன்னது. 'அத்லெட்' என்ற தேர்வைத் தொட்டால் ஒரே நொடியில் பல சதவீதம் இறங்குவதும் இதனால்தான். வாரத்துக்கு மூன்று நாள் நடப்பவர்களுக்கான தேர்வு அல்ல அது.

இன்னொன்று: பாதத்திலிருந்து பாதத்துக்குப் போகும் மின்னோட்டம் கால்கள் வழியாகவும் அடிவயிறு வழியாகவும்தான் ஓடுகிறது. வயிற்றின் மேல்பகுதி, மார்பு, கைகள் எல்லாம் ஊகம். கைப்பிடியும் சேர்ந்த எட்டு மின்முனைக் கருவிகள் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கின்றன. உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி பொருத்தியவர்கள் இந்த வகைத் தராசு எதிலும் கொழுப்பு அளக்கும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இதன் எண்ணுக்குப் பொருளில்லை.

நீர்தான் இதன் பலவீனம். உடலில் நீர் குறைந்தால் தடை கூடும், கொழுப்பு அதிகமாகக் காட்டும். அரை லிட்டர் தண்ணீர் குடித்த உடனே ஏறினால் அரை கிலோ எடை கூடியிருக்கும், ஆனால் அந்த நீர் இன்னும் வயிற்றில்தான் இருப்பதால் தடை மாறியிருக்காது. கூடுதல் எடையைக் கொழுப்பின் கணக்கில் எழுதிவிடும். உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறினால், தோலில் ரத்த ஓட்டமும் வெப்பமும் கூடியிருப்பதால் தடை குறைந்து, கொழுப்பு கரைந்துவிட்டதுபோல் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பெண்களுக்கு எடை ஒரு கிலோ கூடி, கொழுப்பு விகிதம் சற்று இறங்கிக் காட்டுவதும் உண்டு. எடை ஏறியதற்கு வருந்துபவரும் விகிதம் இறங்கியதற்கு மகிழ்பவரும் இருவருமே நீரைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே அளக்கும் முறை இப்படி இருக்கட்டும். காலையில் எழுந்து கழிவறை சென்று வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், கெட்டியான தரையில் தராசை வைத்து (கம்பளத்தின் மேல் வைத்தால் எடையே தவறும்), க்ரீம் பூசாத, உலர்ந்த பாதங்களுடன், முந்தைய நாள் மாலை கடும் உடற்பயிற்சி இல்லாமல் அளக்க வேண்டும். மாதவிடாய் வருபவர்கள் அது தொடங்கிய ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மூன்று காலைகளில் அளந்து சராசரியை எழுதிவைத்து, அடுத்த மாதம் அதே நாட்களின் சராசரியோடு ஒப்பிடுவது நல்லது. இரண்டு மாதச் சராசரிகளுக்கு இடையே ஒரு சதவீத வித்தியாசம் என்றால் எதுவும் மாறவில்லை என்றே கொள்ளுங்கள்.

தராசே இல்லாமல் இன்ச் டேப்பால் அளப்பதற்கு அமெரிக்கக் கடற்படை முறை இருக்கிறது. மின்தடையை நம்பாததால் நீர் இதைப் பெரிதாகக் குழப்பாது. பெண்களுக்கு நான்கு அளவுகள் வேண்டும்: உயரம், குரல்வளைக்குக் கீழே கழுத்தின் சுற்றளவு, வயிறு குறுகலாக இருக்கும் இடத்தின் சுற்றளவு, புட்டம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு. எல்லாம் செ.மீ.யில். வயிறும் புட்டமும் கூட்டி, கழுத்தைக் கழித்து, கிடைத்த எண்ணின், 10-ஐ அடிமானமாகக் கொண்ட லாக் (log) மதிப்பை 0.35004-ஆல் பெருக்குங்கள். உயரத்தின் லாக் மதிப்பை 0.221-ஆல் பெருக்குங்கள். 1.29579-இலிருந்து முதலாவதைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால் உடல் அடர்த்தி. 495-ஐ அதனால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்பு விகிதம். கைபேசியில் உள்ள அறிவியல் கால்குலேட்டரே போதும்.

வயிறு 80, புட்டம் 98, கழுத்து 33, உயரம் 160 என்றால் 32.3 சதவீதம் வரும். டேப் வயிற்றில் சற்றுச் சரிந்து 82 என்று வாசித்தால் 33.3. இரண்டு செ.மீ. தவறு ஒரு சதவீதத்தை விழுங்கிவிடும். டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், தோலை அழுத்தாமல், ஒவ்வொரு இடத்தையும் மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுங்கள். குழந்தை பெற்ற பிறகு அடிவயிறு தளர்ந்தவர்களுக்கும், புட்டத்தில் இயல்பாகவே தசை அதிகம் உள்ளவர்களுக்கும் இந்த முறை கூடுதலாகக் காட்டும்.

தோல்மடிப்பை அளக்கும் காலிப்பர், பழகிய ஒருவரின் கையில் மட்டும் பயன். பெண்களுக்குப் பொதுவாக மூன்று இடங்கள்: மேற்கையின் பின்புறம், இடுப்பெலும்புக்குச் சற்று மேல், தொடையின் முன்புறம். இவை தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டும் பிடிக்கும். குடலையும் கல்லீரலையும் சுற்றியிருப்பதைப் பார்க்காது. ஒவ்வொரு முறையும் வேறு பயிற்சியாளர் அளந்தால் ஒப்பிடவே வேண்டாம்.

டெக்ஸா ஸ்கேன் இவை எல்லாவற்றையும்விடத் துல்லியமானது. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களால் எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். கை, கால், உடற்பகுதி என்று தனித்தனி எண்களும் வரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூடச் செய்யக் கூடாது. இதுவும் நீரைக் கொழுப்பற்ற பகுதியில்தான் சேர்க்கும் என்பதால், வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் போவது அவசியம். ஓரிடத்தில் ஒரு நிறுவனத்தின் இயந்திரம், அடுத்த முறை வேறிடத்தில் வேறு நிறுவனத்தின் இயந்திரம் என்றால் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு

இப்போது இரண்டாவது பெண்ணிடம் திரும்பலாம். விகிதம் என்பது இரண்டு வழிகளில் ஏறும்: கொழுப்பு கூடினாலும் ஏறும், தசை குறைந்தாலும் ஏறும். 35 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் எது நடந்தது என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க பி.எம்.ஐ.யையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கொழுப்பின் எடையை (58-இல் 35 சதவீதம், 20.3 கிலோ) உயரத்தின் வர்க்கத்தால் (1.60 × 1.60 = 2.56) வகுத்தால் 7.9. இது கொழுப்புக் குறியீடு. மீதி 37.7 கிலோவை அதே 2.56-ஆல் வகுத்தால் 14.7. இது கொழுப்பற்ற எடைக் குறியீடு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், தசமத்தில் ஒரு புள்ளி விட்டால் அதே பி.எம்.ஐ. வரும். பெண்களுக்குக் கொழுப்புக் குறியீடு 5 முதல் 9 வரை இயல்பு, 9-க்கு மேல் அதிகம், 13-க்கு மேல் உடல் பருமன். கொழுப்பற்ற எடைக் குறியீடு 15-க்குக் கீழ் என்றால் குறைவு. ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லை இது.

எண்கள் சொல்வது தெளிவு. இந்தப் பெண்ணின் கொழுப்பு இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது. குறைந்திருப்பது தசை. இவர் '35 சதவீதமா!' என்று பதறிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால், கொழுப்போடு சேர்த்து இருக்கிற கொஞ்சம் தசையும் போகும். எடை 53 ஆன பிறகும் விகிதம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். இவருக்கு வேண்டியது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் எடை அல்லது எதிர்ப்பு விசையைப் பயன்படுத்தும் தசைப்பயிற்சியும், போதுமான புரதமும். முதல் பெண்ணுக்கு அதே கணக்கு 5.4, 17.2 என்று வரும். அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒல்லியாக இருந்தும் கொழுப்பு விகிதம் அதிகமாக வரும் பெண்கள் பலரின் கதை இதுதான். குறைந்தது இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கொழுப்பு விகிதத்தை வைத்து உணவு முறையை மாற்றாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டுமே சொல்லாதது: கொழுப்பு எங்கே இருக்கிறது

தொடையிலும் புட்டத்திலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் தொல்லையற்றது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்வதுதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி வகுக்கும். பி.எம்.ஐ.யும் மொத்தக் கொழுப்பு விகிதமும் இவற்றைப் பிரிக்காது. இன்ச் டேப் பிரிக்கும். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். (கடற்படை முறையில் அளந்த இடமும் இதுவும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் ஆபத்து கூடுதல், 88-க்கு மேல் மிகக் கூடுதல். இன்னும் எளிதாக, வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் பரிந்துரைத்த எல்லைகள்: உயரத்தால் வகுத்த எண் 0.5-ஐத் தொட்டால் ஆபத்து, 0.6-ஐத் தொட்டால் அதிக ஆபத்து.

2025 ஜனவரியில் லான்செட் இதழின் நிபுணர் ஆணையம் உடல் பருமனுக்குப் புது வரையறை தந்தபோதும் இதைத்தான் சொன்னது: பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், வயிற்றுச் சுற்றளவு போன்ற ஓர் அளவையோ நேரடியாக அளந்த கொழுப்பையோ சேர்த்து உறுதிசெய்ய வேண்டும். 40-க்கு மேல் பி.எம்.ஐ. உள்ளவர்களுக்கு மட்டும் அந்த உறுதிப்படுத்தல் தேவையில்லை.

யாருக்கு எது

பொதுவான உடல்நலத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு பி.எம்.ஐ.யும் வயிற்று அளவும் போதும். இரண்டும் எல்லைக்குள் இருந்தால் கொழுப்பு விகிதம் அளக்கக் கருவி வாங்குவதில் பொருளில்லை. பி.எம்.ஐ. 30-க்கு மேல், வயிறும் 88-க்கு மேல் என்றாலும் அப்படியே. கொழுப்பு 39 சதவீதமா 42 சதவீதமா என்று தெரிவதால் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்புப் பரிசோதனைகள்தான் அடுத்த படி. பி.எம்.ஐ. இயல்பாகவும் வயிறு எல்லைக்கு வெளியேயும் இருப்பவர்கள், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள், குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அதே பரிசோதனைகள்தான் முதலில்.

கொழுப்பு விகிதம் உண்மையில் கைகொடுப்பது எடை குறைக்கும் முயற்சியின் நடுவே. 160 செ.மீ. உயரம், 70 கிலோ எடை, 38 சதவீதம் கொழுப்பு உள்ள பெண்ணிடம் 26.6 கிலோ கொழுப்பும் 43.4 கிலோ மற்றவையும் இருக்கும். நான்கு மாதத்தில் 68 கிலோவும் 34 சதவீதமும் ஆனால் கொழுப்பு 23.1, மூன்றரைக் கிலோ போயிருக்கிறது, மற்றவை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பி.எம்.ஐ. 27.3-இலிருந்து 26.6 ஆக மட்டும் நகர்ந்திருக்கும், மனம் தளர்ந்துவிடும். அதே பெண் பட்டினி கிடந்து 64 கிலோவும் 37 சதவீதமும் ஆனால் பி.எம்.ஐ. 25-க்கு வந்திருக்கும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் போன 6 கிலோவில் பாதி கொழுப்பே அல்ல. இலக்கு எடையையும் இதை வைத்தே போடலாம்: இருக்கும் கொழுப்பற்ற எடையை, இலக்கு விகிதம் போக மீதியால் வகுக்க வேண்டும். 32 சதவீதம் இலக்கு என்றால் 43.4-ஐ 0.68-ஆல் வகுத்து 63.8 கிலோ. பி.எம்.ஐ. அட்டவணையைப் பார்த்து 55 என்று எழுதிவைப்பதைவிட நியாயமான எண்.

மாதவிடாய் நின்ற பிறகு எடை மாறாமலேயே தசை குறைந்து கொழுப்பு கூடும். அதுவும் தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் நகரும். பி.எம்.ஐ. இதைச் சொல்லவே சொல்லாது. எலும்பு அடர்த்திக்காக டெக்ஸா எடுக்கச் சொன்னால், முழு உடல் கொழுப்பு அளவீடும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள்; இடுப்பும் முதுகெலும்பும் மட்டும் எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் அது வராது. இந்த வயதில் காலிப்பர், டேப் சமன்பாடுகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை கொழுப்பற்ற உடலின் அடர்த்தி எல்லோருக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்பவை. எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்தக் கணிப்பு பொருந்தாமல் போகலாம்.

கர்ப்ப காலத்தில் பயன்படுவது கர்ப்பத்துக்கு முந்தைய பி.எம்.ஐ. மட்டுமே. ஒற்றைக் குழந்தை என்றால் எவ்வளவு எடை கூடலாம் என்பதை அதுவே தீர்மானிக்கும்: 18.5-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ, 25 வரை 11.5 முதல் 16, 30 வரை 7 முதல் 11.5, அதற்கு மேல் 5 முதல் 9 என்பது அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009-இல் தந்த வழிகாட்டுதல்.

விளையாட்டிலோ தீவிரப் பயிற்சியிலோ இருக்கும் பெண்களுக்கு பி.எம்.ஐ. பயனற்றது, கொழுப்பு விகிதமோ ஆபத்தானதாகவும் ஆகலாம். 18 சதவீதம் வந்ததும் 16-க்குப் போகத் தோன்றும். இந்த விகிதத்துக்குக் கீழே போனால் மாதவிடாய் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது; செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு இல்லாமல் போவதுதான் காரணம். கர்ப்பமில்லாத நிலையில் மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் திரையில் எந்த எண் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு மெலிவது அப்போதே தொடங்கிவிடும். உணவைக் கண்டு அஞ்சும், சாப்பிட்டதற்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தவர்கள் வீட்டில் இந்தத் தராசை வைக்காமல், தேவைப்படும்போது மருத்துவமனையில் அளந்து, எண்ணைத் தங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

அளக்கும் இடைவெளி: வயிற்று அளவும் எடையும் மாதம் ஒருமுறை. தராசின் கொழுப்பு விகிதம் மேலே சொன்ன மூன்று காலைகளின் சராசரியாக, அதுவும் மாதம் ஒருமுறை. தினமும் பார்ப்பவர்கள் நீரின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். டெக்ஸா எடுத்தால் அடுத்ததற்கு நான்கைந்து மாதமாவது பொறுங்கள். முதல் அறிக்கையில் இயந்திரத்தின் மாடல் பெயர், அன்றைய எடை, சாப்பிட்ட நேரம், மாதவிடாயின் எத்தனையாவது நாள் ஆகியவற்றை ஓரத்தில் எழுதிவையுங்கள், அடுத்த முறை ஒப்பிடும்போது தேவைப்படும்.